பெல் சொன்ன சாட்சி

பழைய சோபாவின் அடித்துணியைக் கிழித்தால் உள்ளே என்னவெல்லாம் கிடக்கும் என்று நெட்டையிடம் கேட்டால் அரைநாள் சொல்வான். சீப்பு, ஹேர்பின், பேனா மூடி, சீட்டுக்கட்டில் ஒற்றைச் சீட்டு, குழந்தையின் பால்பல், தேடித் தேடி அலுத்துப்போய் வேறு வாங்கிவிட்ட மூக்குக் கண்ணாடி. அவன் கடைக்கு ரிப்பேருக்கு வந்த எந்த சோபாவும் வெறும் வயிற்றோடு வந்ததில்லை. கிடைத்ததையெல்லாம் ஒரு தபால் உறையில் போட்டு, மேலே அந்த வீட்டு விலாசத்தை எழுதி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிடுவான். சோபா திரும்பிப் போகும்போது உறையும் கூடவே போகும். துருப்பிடித்த ஊக்கு ஒன்றே ஒன்று என்றாலும் போகும்.

"குப்பையைக் கவர்ல போட்டுக் குடுக்கிற ஒரே மனுஷன் நீங்கதாங்க," என்பாள் அவன் மனைவி. கடையின் மறுபாதியில் தையல் மெஷினில் உட்கார்ந்து உறைத்துணி தைப்பவள் அவள்தான்.

இந்தப் பழக்கத்தால் வம்பும் வந்திருக்கிறது. ஒரு வீட்டு சோபாவில் கிடைத்த ஒற்றைக் கம்மலைக் கொண்டுபோய் வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுத்தான். அது அந்த அம்மாவின் கம்மல் இல்லை. அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. அப்போதும் அவன் திருந்தவில்லை. பதினேழு வயதில் திருடன் என்று பேர் வாங்கியவன், அடுத்தவர் ஊக்கைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளப் பயப்படுவான்.

அந்தக் கதை ரொம்ப நீளம் கிடையாது. நெட்டையின் அப்பா, அவன் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸ் பியூன். ஆபீஸ் அறைச் சுவரில் ஒரு கொக்கி. பெல் அடிக்கும் சுத்தியலும் பீரோ சாவியும் அந்த ஒரே கொக்கியில்தான் தொங்கும். கடைசி வருஷப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பீரோவிலிருந்து கணக்குப் பேப்பர் ஒன்று காணாமல் போனது. ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து வரிசையாக நிற்க வைத்துப் பையைக் கொட்டச் சொன்னார். நெட்டையின் பையிலிருந்து பேப்பர் விழுந்தது. சாவியின் பொறுப்பாளர் என்பதால் அப்பாவும் அப்போது வாசலில்தான் நின்றார். அத்தனை பேர் முன்னாலும் இடுப்பு பெல்ட்டை உருவி மகனை அடித்தார். மகனுக்குப் பரீட்சை போனது. அப்பாவுக்கு வேலை போனது. அதன்பிறகு அவர் ஒரு கிடங்கின் வாசலில் காவல்காரராக நின்று நின்றே கிழவரானார்.

"நான் எடுக்கலப்பா," என்று அவன் சொன்னது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. அவரும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "வேலை போனதுகூடப் பெரிசில்லடா. ஆமாப்பா, தெரியாம எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அத்தோட விட்டுடறேன்."

அவன் சொல்லவில்லை. அவரும் விடவில்லை. இப்படியே முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் ஓடிவிட்டது.

இப்போது அவருக்கு எண்பத்தொன்று. கடைக்குப் பின்னாலுள்ள அறையில் கட்டிலோடு கிடக்கிறார். கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நினைவும் வந்து வந்து போகிறது. சில நாள் மகனையே "கடைக்காரத் தம்பி" என்று கூப்பிடுவார், யாரோ நல்லவன் ஒண்ட இடம் கொடுத்திருக்கிறான் என்ற மரியாதையோடு. ஆனால் இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும் சாவியை மட்டும் மறந்ததில்லை. கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டியின் சாவி அது. உள்ளே நாலு சட்டையும் பழைய காகிதங்களும்தான். குளிப்பாட்டும்போது நெட்டையின் கை அதில் பட்டால் போதும், சட்டென்று பொத்திக்கொள்வார்.

போன வாரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு வாரம் போனா பெரிசு. சாப்பிடற வரைக்கும் குடுங்க," என்றார். அவர் சாப்பிடத்தான் மறுத்தார். நாலு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் வாயை இறுக்கிக்கொண்டார்.

"போறதுக்குள்ள ஒரு தடவை," என்று நெட்டை மனைவியிடம் சொன்னான். "ஒரே ஒரு தடவை, 'நீ எடுக்கலடா'ன்னு அவர் வாயால கேட்டுட்டா போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"எப்படிங்க நடக்கும்? உங்களையே அடையாளம் தெரியல."

"தெரியுது, தெரியுது. சாவியைப் பொத்தறாரு இல்ல?"

அந்த வாரம்தான் லீடர் போன் செய்தாள். வகுப்பு லீடராக இருந்தவள், இப்போது பேரன் எடுத்துவிட்டாள், குரலில் மட்டும் அதே அதிகாரம். பழைய வகுப்பு ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்து வாட்ஸப்பில் சேர்த்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஹாலில் சாப்பாடு.

"நான் எங்க வர்றது? நான் பாதியில போனவன்."

"பாதியில போனாலும் எங்க கிளாஸ்தான். ஒழுங்கா வந்து சேரு நெட்டை. ஆப்சென்ட் போட்டேன்னா தெரியும்ல?"

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரத்தில் ஃபோம் பசை காயாது, கடையில் வேலையும் நகராது. மனைவிதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தள்ளிவிட்டாள்.

ஹாலில் முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் பழைய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வழுக்கையும் தொப்பையும் போட்டி போட்டன. நாற்காலியில் உட்கார்ந்ததும் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தான் நெட்டை. ஸ்டேப்பிள் சரியாக இறங்கவில்லை. அந்தக் கவனத்திலிருந்தவனைப் பின்னாலிருந்து ஒருவன் கட்டிக்கொண்டான்.

"டேய் நெட்டை!"

பெல். தினமும் ஆபீசுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து மணி அடித்தவன், அதனால் பெல். பக்கத்து பெஞ்ச். பள்ளி விட்டால் நேராக நெட்டையின் வீட்டுக்குத்தான் வருவான், அவன் அப்பாவைத் தானும் அப்பா என்றே கூப்பிடுவான், ஒரே தட்டில் சாப்பிடுவான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருப் பக்கம் நெட்டை போவதில்லை.

ஒரு ஓரமாக இழுத்து உட்கார வைத்தான் பெல். நல்ல வெள்ளைச் சட்டை, முகத்தில் ஒரு சாந்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குடியும் கடனுமாய்ச் சீரழிந்து, தூக்க மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்குத்தான் ஆண்டவர் தன்னைத் தொட்டார் என்றான். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெபக்கூட்டம். "லீடரும் அங்கதான்டா வர்றா."

"நல்லதுடா. நல்லா இருந்தா சரி."

"உனக்காகத் தினமும் ஜெபம் பண்றேன் தெரியுமா?"

"எனக்கு என்னடா வந்துச்சு?"

பெல்லின் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. அதற்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். "உன் மனசு லேசாகணும்னு," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். ஆறுதலாகத்தான் இருந்தது நெட்டைக்கு. தன் பேரைச் சொல்லித் தினமும் வேண்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறானா என்று நெஞ்சு இளகிப்போனது உண்மை.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் லீடர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெட்டை, உன்னைப் பார்த்ததும் கும்பிடணும்னு தோணுச்சு எனக்கு."

"ஏன், நான் என்ன சாமியா?"

"விளையாடாத. எவ்வளவு பெரிய மனசு உனக்கு. ஜெபக்கூட்டத்துல பெல்லு எழுந்து நின்னு தன் கதையைச் சாட்சியாச் சொல்லும்போதெல்லாம் நாங்க அழாத நாள் கிடையாது. அந்தக் கொஸ்டின் பேப்பரை எடுத்து உன் பையில சொருகினதை அவன் மறைக்காம சொல்லுவான். பேர் சொல்ல மாட்டான், 'என் நண்பன்'னுதான் சொல்லுவான். எனக்குத் தெரியாதா யாருன்னு?" அவள் கண்கள் அப்போதே நனைந்திருந்தன. "உன்னைத் தேடி வந்து அவன் கால்ல விழுந்ததும், நீ தூக்கிக் கட்டிப்பிடிச்சு 'விடுடா, நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்'னு சொன்னதும், உங்க அப்பா ரெண்டு பேர் தலையிலயும் கை வெச்சதும்... அதைக் கேட்டே எத்தனை பேர் பகையை விட்டிருக்காங்க தெரியுமா?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை அதை மூடினான்.

"எத்தனை வருஷமாச் சொல்றான் இதை?"

"ஆச்சே, பன்னண்டு வருஷம்."

அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு மூன்று சீட் சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு ஸ்டேப்பிள்களைப் பிடுங்க ஆரம்பித்தான். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முப்பது ஸ்டேப்பிள் வரைக்கும் பொறுத்தாள்.

"சாப்பாடு நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு."

"அப்போ அந்த சோபா என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான். சொன்னான். சொல்லி முடித்தபோது அவள்தான் எழுந்து நின்றிருந்தாள்.

"பன்னண்டு வருஷமா? மாமா அப்போ நல்லா இருந்தாரேங்க. நடந்து கடைக்குப் போயிட்டு வருவாரு. பேப்பர் படிப்பாரு. அன்னைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அவளுக்கு முடிக்க வரவில்லை. "நாலு தெருங்க. நாலே தெரு."

"ஆமா."

"கூட்டத்துல இருநூறு பேர்கிட்ட சொல்லத் தெரிஞ்சவனுக்கு..."

"கத்தாத. அப்பா எழுந்துக்குவாரு."

"எழுந்துக்கட்டும்!" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெட்டைக்கு அழுகை வரவில்லை. இடுக்கியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடுங்கினான். அந்த சோபாவுக்குள் ஒரு குழந்தையின் கால் கொலுசு கிடைத்தது. பழக்கதோஷத்தில் உறையில் போட்டு விலாசம் எழுதினான்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு பெல் வந்தான். லீடர் சொல்லியிருப்பாள். குடையை மடக்காமலே வாசலில் நின்றான். நேற்றிருந்த சாந்தமெல்லாம் எங்கே போனதோ, பையைக் கொட்டச் சொன்ன அன்றைக்கு வரிசையில் நின்ற பையனின் முகம்தான் இருந்தது.

"உள்ள வா. நனையாத," என்றான் நெட்டை.

உட்காருவதற்கு இடமில்லை. துணி உரித்த சோபாக்கள் எலும்புக்கூடாக நின்றன. ஸ்பிரிங் தெரிந்த ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான் பெல்.

"என்னன்னு ஆரம்பிக்கறதுன்னே தெரியலடா."

"நீ ஆரம்பிச்சுப் பன்னண்டு வருஷம் ஆச்சாமே."

பெல் தலையைக் குனிந்துகொண்டான். "ஹெட்மாஸ்டர் பக்கத்து வரிசை வரைக்கும் வந்துட்டாரு. கையெல்லாம் வேர்த்துப்போச்சு. உன் பை திறந்து கெடந்துச்சு. யோசிக்கவே இல்லடா. உங்கப்பா பியூன்தானே, உன்னை விட்டுடுவாங்கன்னு..."

"அது சரி. பதினேழு வயசு. பயந்துட்ட. அதை விடு. எங்கப்பா ரெண்டு பேர் தலையில கை வெச்சாருன்னு சொன்னியாமே, அது எந்த வயசுல?"

பெல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மொத தடவை சாட்சி சொன்னப்போ உள்ளதைத்தான் சொன்னேன். கூட்டம் முடிஞ்சு எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு, 'அந்த நண்பரைப் போய்ப் பார்த்தீங்களா, மன்னிச்சாரா'ன்னு கேட்டாங்க. பார்த்தேன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் நிஜமாவே வரணும்னுதான்டா இருந்தேன். உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. உங்கப்பா வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு. திரும்பிடுவேன். அங்க ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மனசு லேசாயிடும். மன்னிப்பு கெடைச்ச மாதிரியே ஆயிடும். அப்புறம் எனக்கே அது நடந்த மாதிரி ஆயிடுச்சு."

"உனக்கு லேசாச்சு."

"ஆண்டவர்கிட்ட அழுதிருக்கேன்டா."

"ஆண்டவரையா அடிச்சாங்க?" நெட்டையின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "பெல்ட்டால அடிச்சது என்னை. கிடங்கு வாசல்ல மழையில நின்னது எங்கப்பா. நீ ஆண்டவர்கிட்ட போய் அழுதா எனக்கெப்படிடா தெரியும்?"

மனைவி மெஷினுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். பெல் எழுந்து நெட்டையின் காலை நோக்கிக் குனிந்தான். நெட்டை சட்டென்று நகர்ந்துகொண்டான்.

"அதெல்லாம் வேணாம். உன் கதையில வர்ற மாதிரி எங்கிட்ட பண்ணாத. எனக்கு ஒண்ணு பண்ணு. அப்பா உள்ள படுத்திருக்காரு. போய்ச் சொல்லு. எங்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. அது போதும்."

"புரியுமாடா அவருக்கு?"

"இன்னைக்குக் காலையில தெளிவாத்தான் இருக்காரு. போ."

அறையில் மருந்து வாடையும் மழையில் காயாத துணி வாடையும் கலந்திருந்தது. பெரியவர் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். பெல் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தான். நெட்டை நிலைப்படியில் நின்றான்.

"அப்பா," என்றான் பெல், பழைய பழக்கத்தில்.

"யாரு?"

"அப்பா, அந்தக் கணக்குப் பேப்பரு... ஆபீஸ் பீரோவுல இருந்து எடுத்தது... நான்தான்பா. நான்தான் எடுத்தேன். தெரியாமப் பண்ணிட்டேன்பா. பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்." அதற்கு மேல் முடியாமல் பெரியவரின் கையில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான்.

பெரியவரின் இறுகிய முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"சொல்லிட்டியாடா," என்றார். "சொல்லிட்டியா கண்ணு."

இன்னொரு கை காற்றில் துழாவி பெல்லின் தலையைக் கண்டுபிடித்தது. வழுக்கைத் தலையைத் தடவிற்று.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தானேடா இத்தனை வருஷமும் காத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒரு அடி அடிச்சிருப்பேனா? எத்தனை பேர் முன்னால அடிச்சிட்டேன் எம் புள்ளைய. கை வலிக்குதுடா எனக்கு, இன்னமும் வலிக்குது."

பெல் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அப்பா, இல்லப்பா, நான் உங்க பையன்..."

அந்த ஒரு நொடியில் நெட்டை அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததேயில்லை, பதினேழு வயதுக்குப் பிறகு. இரண்டே எட்டில் உள்ளே வந்து பெல்லின் தோளை அழுத்தினான். பெல் திரும்பிப் பார்த்தபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"...உங்க பையன்தான்பா," என்றான் பெல்.

பெரியவர் இடுப்புக் கயிற்றைத் தடவினார். முடிச்சு வரவில்லை. விரல்கள் பிடித்துப் பிடித்து வழுக்கின. நெட்டைதான் குனிந்து அவிழ்த்துவிட்டான். அவன் கை சாவியில் பட்டதை அன்றைக்கு அவர் தடுக்கவில்லை. சாவியை வாங்கி பெல்லின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இனிமே நீயே வெச்சுக்கோ. உங்கிட்ட இருந்தா எனக்கென்ன பயம்."

வெளியே வந்ததும் பெல் சாவியைத் தையல் மெஷினின் மேல் வைத்தான். தீயைத் தொட்டவன் போலக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஏன்டா தடுத்த? சொல்லியிருப்பேனே. புரிய வெச்சிருப்பேனே."

"புரிஞ்சிருந்தா? செய்யாத தப்புக்குப் புள்ளையை அடிச்சு, முப்பத்திரண்டு வருஷம் அவனை நம்பாம இருந்துட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணுமா அவரு? அதுக்கு இப்ப அவருக்கு எங்கடா தெம்பு?" நெட்டை சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பன்னண்டு வருஷம் முந்தி இருந்துச்சு."

"என்னை மன்னிப்பியாடா?"

"தெரியல. உன் கூட்டத்துல சொல்ற கதையில அந்தக் கடைசியை மட்டும் வெட்டிடு. நான் மன்னிச்சேன்னு நான் சொல்ற வரைக்கும் நீ சொல்லாத."

பெல் தலையாட்டினான். குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். நெட்டை குடையை எடுத்து மடக்கி, சுவரில் மாட்டிவைத்தான், அவன் வந்தால் கொடுக்கவேண்டும் என்று.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க கேட்டது ஒரே ஒரு வார்த்தைங்க. அதுவும் போச்சே."

அவன் பழக்கத்தில் ஒரு உறையை எடுத்தான். சாவியை அதில் போடப் போய், நின்று, உறையை மறுபடி டின்னிலேயே வைத்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனான்.

பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும் என்றார். உட்கார வைத்தான். முதல் ஸ்பூனுக்கு வாய் தானாகத் திறந்தது. ஐந்தாவது, ஆறாவது, பத்தாவது ஸ்பூனும் இறங்கியது.

"கடைக்காரத் தம்பி."

"சொல்லுங்க."

"எம் பையன் வந்திருந்தான். பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"ஒத்துக்கிட்டான். அவன் வாயாலயே சொன்னான். கொஞ்சம் பிடிவாதக்காரன், அவ்வளவுதான். கெட்டவன் இல்ல."

நெட்டை கஞ்சியை ஊதி ஆற்றினான். ரொம்ப நேரம் ஆற்றினான்.

"கெட்டவன் இல்லைங்க," என்றான்.

"அவன் மறுபடி வந்தா சொல்லுங்க தம்பி. சாவி பத்திரம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க," என்று அடுத்த ஸ்பூனை நீட்டினான்.